குலதெய்வமும் லாட்ஜும்

பழனியிலோ திருவண்ணாமலையிலோ ராமேஸ்வரத்திலோ பேருந்தை விட்டு இறங்கினால், "ரூம் வேணுமா சார்?" என்ற குரல் முதலில் வந்து நிற்கும். கோபுரம் கண்ணில் படுவதற்குள் லாட்ஜ் போர்டுகள் பட்டுவிடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கோயிலூர்களில் அந்தக் குரல் அநேகமாக இல்லை. கூட்டம் குறைவா என்றால் அதுவும் இல்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதிக்குத் திங்களும் வெள்ளியும் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வருகிறது. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெரிசல் தாங்காது. திருமழபாடியில் பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணத்தைப் பார்த்தால் அடுத்த முகூர்த்தம் நம் வீட்டில் என்று நம்பி வருகிறவர்கள் ஏராளம். கங்கைகொண்ட சோழபுரமோ உலகப் பாரம்பரியச் சின்னம். இத்தனை இருந்தும், கொஞ்சம் வசதியாகத் தங்க நினைக்கும் யாத்திரிகர் திருச்சியில் அல்லது கும்பகோணத்தில் அறை எடுக்கிறார். மிஞ்சிப்போனால் பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் எடுக்கிறார். சாமி ஓரிடம், படுக்கை வேறிடம்.

இதற்குச் சட்டென்று கிடைக்கும் விளக்கம், இது வானம் பார்த்த பூமி, பணப்புழக்கம் இல்லாத சீமை என்பது. அந்த விளக்கம் நிற்காது. ராமேஸ்வரத்தைவிட வறண்ட மணல்மேடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அங்கே நூற்றாண்டுகளாகச் சத்திரங்கள் இருந்திருக்கின்றன. கோயில் பெரிதா சிறிதா என்பதை வைத்தும் இதை விளக்க முடியாது. தங்கும் விடுதி எழுவதும் எழாததும், அங்கே வந்து சேருகிறவர் அந்த ஊருக்கு உறவா அந்நியரா என்பதைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. உறவுக்குத் திண்ணை போதும். அந்நியருக்குத்தான் அறை வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் கோயில்களுக்கு வந்தவர்கள் மிக அண்மைக் காலம்வரை உறவுகளாகவே இருந்தார்கள். இப்போதுதான் அந்நியர்களாகி வருகிறார்கள். சிறுவாச்சூருக்குப் போகிறவர் பெரம்பலூரில் ஏ.சி. அறைக்கு அட்வான்ஸ் கட்டுவதன் பின்னே இருக்கும் வரலாறு அதுதான்.

முதலில் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். கங்கை வரை படை நடத்திய ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டித் தலைநகரைத் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் சோழப் பேரரசு அங்கிருந்துதான் ஆளப்பட்டது. சுமார் 180 அடி உயர விமானம் இன்றும் நிற்கிறது. சோழர் காலத்தில் வெளியாரைத் தங்க வைத்துச் சோறு போடும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களைப் பராமரித்த கல்விச்சாலையைச் சொல்கிறது. வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. எத்தனை படுக்கை, யாருக்கு எவ்வளவு நெல் என்று அந்தக் கல்வெட்டுகள் கணக்கு வைத்திருக்கும் நேர்த்தி இன்றைய விடுதி மேலாளர்கள் பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அவையெல்லாம் அரசு இருந்தவரை, நிவந்தம் வந்தவரை ஓடிய ஏற்பாடுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழ ஆட்சி மறைந்ததும் நகரமும் மறைந்தது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழ்ந்தால் செங்கல் அடித்தளங்கள்தாம் கிடைக்கின்றன. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் மதில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோயில் தனியே நின்றது. அத்தனை பெரிய கோயிலும் தன்னைச் சுற்றி ஒரு விடுதித் தெருவை உண்டாக்கிக்கொள்ளவில்லை.

2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஐப்பசிப் பௌர்ணமியில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அந்தப் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் செய்கிறார்கள். ஜனம் திரளாக வருகிறது, அன்னப் பிரசாதம் வாங்கிக்கொண்டு இரவே கலைகிறது. வெளிநாட்டுப் பயணிகள் கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ கார் பிடித்து வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்தார். ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். அவரும் முந்தைய இரவு தங்கியது திருச்சியில். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசின் விருந்தினர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த ஊரில் இன்று ஒரு நாட்டுத் தலைவர் தலைசாய்க்க இடம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கோயிலின் புகழால் மட்டும் படுக்கை முளைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோயில் பெரிதல்லாத, ஆனால் கூட்டம் பெரிதான இடங்களுக்கு வருவோம். சிறுவாச்சூரின் தலக்கதையே ஓர் இரவுத் தங்கலைப் பற்றியது. மதுரையை எரித்த சினம் ஆறாமல் வந்த காளி, அங்கே குடியிருந்த செல்லியம்மனிடம் ஓர் இரவு தங்க இடம் கேட்டாளாம். செல்லியம்மனோ ஒரு மந்திரவாதியின் பிடியில் இருந்தாள். வந்த விருந்தாளி அவனை வதைத்து விடுவித்தாள். நன்றி மறவாத செல்லி, இடத்தையே விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். திங்களும் வெள்ளியும், சில விசேஷ நாட்களும் தவிர மற்ற நாட்களில் மதுரகாளியும் மலைக்குப் போய்விடுவதாக நம்பிக்கை. அதனால் அந்த நாட்களில் நடை திறப்பதில்லை. கதையில்கூட, அந்நியராக வந்தவர் ஓர் இரவிலேயே வீட்டுக்காரி ஆகிவிடுகிறார். வாடகைக்கு இருந்துவிட்டுப் போகும் விருந்தாளி இந்தச் சீமையின் கற்பனையில் இல்லை.

வழிபாட்டின் நடைமுறையும் அப்படித்தான். மதுரகாளி பல நூறு குடும்பங்களுக்குக் குலதெய்வம். குலதெய்வத்துக்குப் போவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவதுபோல் அல்ல. முதல் முடி இறக்க வேண்டும், காது குத்த வேண்டும், கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கே வைக்க வேண்டும். எல்லாம் பகலில் முடிகிற காரியங்கள். சிறுவாச்சூர் மாவிளக்கைப் பாருங்கள்: வீட்டில் அரைத்த மாவைக் கொண்டுபோவதில்லை. அரிசியைக் கொண்டுபோய் அங்கேயே களைந்து ஊறவைத்து, அங்கேயே உரலில் இட்டு இடிக்க வேண்டும். இடித்துக் கொடுப்பதற்கென்றே உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். ஈர மாவில் வெல்லத்தைப் பிசைந்து, குழித்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றும்வரை குடும்பம் முழுதும் கோயில் வளாகத்தில்தான். அந்த அரைநாள் வளாகமே அவர்கள் வீடு: அடுப்பு, உரல், பாத்திரம், பாய், எல்லாம் அங்கே. கல்லங்குறிச்சியில் மூலவர் சிலையே இல்லை, கம்பம்தான் பெருமாள். காணாமல் போன சினைப்பசுவைத் தேடிப் போனவர், அந்தக் கம்பத்தின் அருகே பசுவைக் கண்டாராம். மாடும் மகசூலும் காத்த சாமிக்கு மாடும் தானியமுமே காணிக்கை. கட்டை வண்டியில் நெல்லோடும் கம்போடும் வந்த குடியானவருக்கு வண்டிக்கு அடியிலேயே படுக்கை. மாட்டை விட்டுவிட்டு அவர் அறைக்குள் போய்ப் படுத்திருக்கவும் மாட்டார். குலதெய்வத்தைப் பார்த்தால் வழியில் எங்கும் தங்காமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்ற வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. விடுதித் தொழிலுக்கு இதைவிட ஆகாத வழக்கம் இருக்க முடியாது.

அப்படியானால் உண்மையிலேயே அந்நியராக வந்தவரை இந்தச் சீமை என்ன செய்தது? பாளையக்காரர் வாசலுக்கு அனுப்பியது, அல்லது ஒரு வீட்டுத் திண்ணைக்கு அனுப்பியது. இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு மனிதர்கள் அல்லர், தெய்வங்களே. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே வந்தபோது காஞ்சிபுரத்து உற்சவ மூர்த்திகளை மறைத்துக் கொண்டுவந்து வைத்த இடம் உடையார்பாளையத்துக் காடு. வரதராஜப் பெருமாள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கே விருந்தாளி. பாளையக்காரருக்கு விருந்தாளியின் மேல் அன்பு முற்றி, திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வைணவத் துறவி ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் தளபதி லாலா தோடர்மல்லின் தலையீட்டாலும் 1710-இல் பெருமாள் காஞ்சி திரும்பினார். அதைச் சொல்லும் கல்வெட்டு காஞ்சிக் கோயிலிலேயே இருக்கிறது. பின்னாளில் கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணர்களும் இதே உடையார்பாளையம் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்தார்கள். வந்தவரை வைத்துக்கொள்வது இங்கே தொழிலாக இல்லை, கௌரவமாக இருந்தது. கௌரவத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அது எல்லோருக்கும் கிடைத்துவிடவும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையைவிட நல்ல ஆவணம் இல்லை. 1855-இல் பிறந்த அவருடைய இளமைக் காலத்தின் பெரும் பகுதி இந்த ஊர்களில்தான் கழிந்தது. தந்தை வேங்கடசுப்பையர் ராமாயணக் கதாகாலட்சேபம் செய்தவர். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம், பிறகு குன்னம், கார்குடி, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் என்று குடும்பம் ஊர் ஊராக நகர்கிறது. எந்த ஊரிலும் அவர்கள் காசு கொடுத்து அறை எடுக்கவில்லை. குடியிருக்க வீட்டையும் வேண்டிய தானியத்தையும் ஊரார் பார்த்துக்கொண்டார்கள். கதை முடிந்தால் சம்பாவனை; அடுத்த ஊரிலிருந்து அழைப்பு. படிக்க மனத்துக்கு இதமான காட்சி. ஆனால் அதை மேலோட்டமாக ரசித்துவிட்டுப் போகக் கூடாது. கதை சொல்லத் தெரிந்த, சாதியால் எந்தத் திண்ணையிலும் ஏற முடிந்த ஒரு குடும்பத்துக்குத் திறந்த கதவு அது. அதே ஆண்டுகளில் அதே வழியில் நடந்து போன ஒரு பறையர் குடும்பத்துக்கு அந்தத் திண்ணைகள் கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழகம் முழுக்கச் சத்திரங்கள் இருந்தனவே, இங்கே மட்டும் இல்லை என்பது எப்படி? சத்திரங்கள் எங்கே இருந்தன என்று பார்த்தால் என் வாதம் பலப்படுகிறதே தவிர, தளரவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர்களின் புகழ்பெற்ற சத்திரங்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம் போகும் வழியில் அமைந்தவை. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் போன்றவை காசியிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் சேதுவுக்கு வந்தவர்களுக்காக எழுந்தவை. வந்தவர்களுக்கு மொழி தெரியாது, ஊரில் ஒரு முகம் தெரியாது. 1801-இல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டை எடுத்துக்கொண்டாலும் சத்திரங்களை விட்டுவிடுங்கள் என்ற தொனியில் அவற்றின் பணிகளை விவரிக்கிறார்: சாதி வேறுபாடின்றி வழிப்போக்கருக்குச் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமான்களும், நள்ளிரவில் மணியடித்து மிச்சம் இருப்பவரையும் அழைப்பது, நோயாளிக்கு மருந்து, பிரசவத்துக்கு உதவி. அன்றைய இந்தியாவில் இப்படி ஓர் அமைப்பு இருந்தது என்பதே பெரிய செய்தி. ஆனால் பெரம்பலூரும் அரியலூரும் தஞ்சை அரசில் இல்லை. ஆற்காட்டு நவாபின் ஆளுகையில், பாளையக்காரர்கள் கையில் இருந்தன. 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியிடம் போனபோது இவையும் போயின. சேதுப் பயணம் இந்த வழியை முதன்மை வழியாகக் கொள்ளவில்லை. அதனால் அரச சத்திர வரிசை இங்கே அமையவில்லை.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இதே பெரம்பலூர் வழியாகத்தானே போகிறது, அதில் வழிப்போக்கர் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் அந்தச் சாலையில் அதிகம் நடந்தவை படைகள். ரஞ்சன்குடிக் கோட்டையும், 1751-இல் வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சு, ஆங்கிலேய ஆதரவுப் படைகள் மோதியதும் அந்தச் சாலையின் சுபாவத்தைச் சொல்லும். வழியோர மண்டபங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் ஆங்காங்கே இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன் கோயில்களோடு பாலங்களையும் சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் சேர்த்தது. பின்னர் சத்திரங்கள் பல உள்ளாட்சி வாரியங்களின் கைக்கு வந்தன. இவையெல்லாம் வழியில் போகிறவருக்கு வெயிலும் மழையும் தாங்கின. யாத்திரிகரை நாலு நாள் இருக்கச் செய்யும் ஊரை உண்டாக்கவில்லை. அந்த வேலையைப் பிற ஊர்களில் செய்தது ரயில்.

ரயில் வந்த காலத்தை வைத்துப் பார்த்தால் தமிழகக் கோயிலூர்களின் விடுதி வரலாறு பாதி விளங்கிவிடும். தஞ்சை வழியாகச் செல்லும் பழைய மெயின் லைன் 1870-களில் போடப்பட்டது. கும்பகோணம், மாயவரம், சிதம்பரம் எல்லாம் அதில் வந்தன. ரயில் நிலைய வாசலில் சத்திரமும் சாப்பாட்டு கிளப்பும், பிறகு 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' போர்டும் முளைத்தன. மகாமகத்துக்கு வடக்கிலிருந்தெல்லாம் ஜனம் ரயிலில் வந்தபோது கும்பகோணம் அந்நியரை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேரே போகும் கார்டு லைன் 1920-களின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாமதம். தொழில் கற்றுக்கொள்ளும் காலமெல்லாம் போய்விட்டது. அந்த ரயிலும் அரியலூரை யாத்திரைத் தலமாக நாட்டுக்கு அறிமுகப்படுத்தவில்லை. 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியதும்தான் அரியலூர் என்ற பெயரை டெல்லி வரை கொண்டு சென்றன. பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயிலே இல்லை.

பிறகு லாட்ஜ் வந்தது. ஆனால் சாமிக்காக வரவில்லை. அரியலூர் மண்ணுக்கு அடியில், கடல் இருந்த காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. இயந்திரம் பொருத்த வந்த பொறியாளர், லாரிக் கணக்கு பார்க்க வந்த ஏஜெண்ட், ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று ஊரில் ஒரு முகமும் தெரியாத ஆட்கள் முதன்முதலாக வாரக்கணக்கில் இருக்க வேண்டி வந்தது. பெரம்பலூருக்கு 1995-இல் மாவட்டத் தலைநகர் அந்தஸ்து கிடைத்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ், நீதிமன்றம், தனியார் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நான்குவழிச் சாலை ஆகியவை சேர்ந்து பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகளைக் கொண்டுவந்தன. நோயாளியின் உறவினர், மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்த தகப்பனார், வாய்தாவுக்கு வந்தவர், இவர்கள்தாம் முதல் வாடிக்கையாளர்கள். யாத்திரிகர் கடைசியாகத்தான் வந்தார்.

அவர் வந்ததற்குக் காரணம் பக்தி கூடியதல்ல, ஊரில் வீடு போனது. காவிரிக் கரையிலிருந்தும் திருச்சிச் சீமையிலிருந்தும் சென்னை, பம்பாய், டெல்லி, பிறகு அமெரிக்கா என்று போன குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்குக் குலதெய்வம் சிறுவாச்சூர் என்பது தாத்தா சொன்ன தகவலாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. பூர்வீக வீடு விற்றாகிவிட்டது. சித்தப்பா வீடு என்று சொல்லிக்கொண்டு போய் இறங்க அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. தெய்வத்துக்கு அவர்கள் சொந்தம், ஊருக்கு அந்நியர். வெள்ளிக்கிழமை காலை அபிஷேகம் பார்க்க வேண்டுமென்றால் வியாழன் இரவு எங்காவது படுத்தாக வேண்டும். கைக்குழந்தைக்கு வெந்நீர், பாட்டிக்கு வெஸ்டர்ன் டாய்லெட், டிரைவருக்குப் படுக்க இடம், ஈரத்துணியோடு மாவிளக்கு போடப் போகுமுன் தலைக்குக் குளிக்க விடிகாலையில் கெய்சர், இந்த நான்கும் உள்ள இடம்தான் அவர்களுக்கு 'நல்ல ஹோட்டல்'. நீச்சல்குளத்தை யாரும் கேட்பதில்லை. முந்தைய தலைமுறைக்குச் சித்தி வீட்டுக் கிணற்றடியும் அடுக்களையும் இலவசமாகக் கொடுத்தவற்றை இந்தத் தலைமுறை ரிசப்ஷனில் ஆதார் கார்டு நகலைக் கொடுத்து விலைக்கு வாங்குகிறது.

இதைக் கேட்டுச் சிலருக்கு மனம் கசக்கும். யாத்திரை என்றால் உடம்பு நோக வேண்டும், தரையில் படுக்க வேண்டும், ஏ.சி. அறையிலிருந்து கிளம்பிப் போவது விரதமாகுமா என்பார்கள். விரதத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பது சரி. ஆனால் சுகம் புதிதாக வந்துவிட்டதுபோல் பேசுவது வரலாறு அறியாத பேச்சு. ஜமீன்தார் குடும்பம் கோயிலுக்குப் போனபோது பல்லக்கும் கூடாரமும் சமையல்காரரும் கூடவே போயின. மிராசுதார் போனால் ஊர்ப் பெரிய வீடு காலியாகிக் காத்திருக்கும். சுகம் எப்போதும் இருந்தது, பிறப்பையும் செல்வாக்கையும் பார்த்துக் கிடைத்தது. அதைப் பணம் கொடுத்து யாரும் வாங்கலாம் என்று ஆனதுதான் புதிது.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று: அன்னமும் இடமும் தர்மமாக இருந்ததை வியாபாரமாக்கிவிட்டோமே. இதில் பாதி உண்மை. சரபோஜியின் சத்திரங்களைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் அந்த இழப்பு உறைக்கும். மீதிப் பாதியையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதிக்கும் சோறு போட்ட சத்திரத்திலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி தனியே அளந்ததே அதற்குச் சாட்சி. தனியார் சத்திரங்கள் பலவும் இன்ன வகுப்பாருக்கு மட்டும் என்று எழுதி வைத்தே நடந்தன. தென்னிந்திய ரயில்வேயின் உணவுச்சாலைகளில்கூடப் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது 1941 வரை. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு ஹோட்டல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி மத காரணங்களால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலைகளையும் அதில் சேர்த்தது. லாட்ஜ் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கேட்பது அட்வான்ஸை, குலத்தை அல்ல. உ.வே.சா. ஏறிய திண்ணையில் ஏற முடியாமல் போனவரின் பேரன் இன்று அதே பெரம்பலூரில் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகிறான். இந்த மாற்றத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன என்பதால் பாராட்டையும் அளந்தே வைக்கிறேன்.

வரலாற்றின் இந்தக் கட்டத்தில் கணக்கிலிருந்து விடுபட்ட ஒருவர் இருக்கிறார். ஊரில் உறவும் இல்லாமல், அறைக்குப் பணமும் இல்லாமல் வருகிறவர். சமயபுரம் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் மஞ்சள் உடுத்திப் பெரம்பலூர், பாடாலூர் வழியாக நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்து போகும் பெண்கள் அவர்களில் ஒரு சாரார். நீர்மோரும் அன்னதானமும் வழியெல்லாம் கிடைக்கின்றன; சோறு போடும் தர்மம் நம்மிடம் சாகவில்லை. 2002 முதல் அரசே கோயில்களில் அன்னதானத் திட்டம் நடத்துகிறது. படுக்கத்தான் பெட்ரோல் பங்க் வாசலும் பூட்டிய கடைத் திண்ணையும். படுக்க இடம் தர அறநிலையத்துறையால் முடியாதென்று சொல்வதற்கில்லை. கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கத்து யாத்ரி நிவாஸை 2014-இல் அதே துறைதான் திறந்தது. கோயில் வளாகத்து விடுதியில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் இருக்கிறது. ஏ.சி. அறை கட்டுவதைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். சிறுவாச்சூரிலும் கல்லங்குறிச்சியிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அடுத்ததாக ஒரு கட்டடத்துக்குக் கல் நாட்டும்போது, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறைகள், விளக்கும் காவலும் உள்ள ஒரு பெரிய கூடம், மூட்டையை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி வரிசை, இவற்றை முதலில் கட்டுங்கள்.